பாலூட்டி ஒவ்வாமை உள்ளவர்கள் மிட்டாய்ப் பாக்கெட்டைப் படிக்கும் முறை

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களிலும், ஆர்கன்சா, மிசௌரி போன்ற நடுப்பகுதி மாநிலங்களிலும் லோன் ஸ்டார் உண்ணி பரவலாகக் காணப்படுகிறது. இந்த உண்ணி கடித்தவர்களில் சிலருக்கு ஆல்ஃபா-கேல் என்ற சர்க்கரை மூலக்கூறை எதிர்க்கும் ஒவ்வாமை உண்டாகிறது. மாடு, பன்றி, ஆடு, மான் முதலிய பெரும்பாலான பாலூட்டிகளின் உடலில் இந்த மூலக்கூறு உண்டு. மனிதரிடமும் வாலில்லாக் குரங்குகளிடமும் இல்லை, கோழியிலும் மீனிலும் முட்டையிலும் இல்லை. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கைகளின்படி, 2010 முதல் 2022 வரை 1,10,000க்கும் மேற்பட்டோருக்கு இந்த ஒவ்வாமை இருக்கலாம் என்று கண்டறியப்பட்டது. உண்மையில் பாதிக்கப்பட்டவர்கள் 4,50,000 பேர் வரை இருக்கக்கூடும் என்றும் அந்த மையம் மதிப்பிட்டது.

நோய் உறுதியானவுடன் இறைச்சியை விலக்குவது பெரும்பாலானவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. தட்டில் இருப்பது மாட்டிறைச்சியா, கோழியா என்பது கண்ணுக்குத் தெரியும். இனிப்புகள் அப்படியல்ல. மெல்லும்போது இழுபடும் கம்மி (gummy) மிட்டாயில் பன்றித்தோல் இருக்கிறது என்றோ, ஒரு மிட்டாயின் பளபளப்புக்கு மாட்டுக்கொழுப்பு காரணமாக இருக்கலாம் என்றோ பார்த்துச் சொல்ல முடியாது. இறைச்சியே உண்ணாத குடும்பங்களுக்கும் இது பொருந்தும். சைவ உணவுக்காரரையும் உண்ணி கடிக்கும், அவர் உண்ணும் பால், நெய், பேடா, குழந்தைகளுக்காக வாங்கும் மிட்டாய் ஆகியவை அவருக்கும் தொல்லை தரலாம். ஆகவே பாக்கெட்டின் பின்புறத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வது இந்த ஒவ்வாமையோடு வாழ்வதன் அடிப்படைத் திறன் என்றே நான் கருதுகிறேன்.

கடைக்குப் போகும் முன்

எந்தப் பொருளைத் தேட வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆல்ஃபா-கேல் ஒவ்வாமை உள்ளவர்களில் பலர் பாலைச் சிக்கலின்றி உட்கொள்கிறார்கள். சிலருக்குப் பாலும் ஆகாது. மிட்டாயை உறையவைக்கச் சேர்க்கும் விலங்குவழிப் புரதமான ஜெலட்டின் சிலருக்கு ஒன்றும் செய்வதில்லை, சிலருக்கு ஒரு கைப்பிடி கம்மி போதும், உடலெங்கும் தடித்துவிடும். மிகச் சிலர் மாத்திரையில் உள்ள ஸ்டியரேட் (மாட்டுக்கொழுப்பிலிருந்தும் செய்யப்படும் சேர்க்கைப்பொருள்) அளவுக்கே எதிர்வினை காட்டுகிறார்கள். இரத்தப் பரிசோதனையில் வரும் எண் எதிர்வினை எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்வதில்லை. எனவே ஒவ்வாமை மருத்துவரிடம் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பால் எனக்கு ஆகுமா, ஜெலட்டின் ஆகுமா, மிகச் சிறிய அளவில் சேர்க்கப்படும் விலங்குவழிப் பொருள்களையும் நான் விலக்க வேண்டுமா. இந்த மூன்றுக்கும் விடை இல்லாமல் பாக்கெட்டைப் படித்தால், ஒன்று தேவையில்லாமல் எல்லாவற்றையும் விலக்குவீர்கள், அல்லது விலக்க வேண்டியதை விட்டுவிடுவீர்கள்.

சுவைத்துப் பார்த்துச் சோதிக்கும் வழியை இங்கே அறவே மறந்துவிட வேண்டும். நிலக்கடலை ஒவ்வாமையில் சில நிமிடங்களில் உதடு வீங்கும்; ஆல்ஃபா-கேல் ஒவ்வாமையிலோ உண்ட இரண்டு முதல் ஆறு மணி நேரம் கழித்தே பெரும்பாலும் எதிர்வினை தொடங்குகிறது. மாலையில் ஒரு மிட்டாயைத் தின்று, ஒரு மணி நேரம் ஒன்றும் நேரவில்லை என்று நிம்மதியடைந்தவர், நள்ளிரவில் அரிப்போடும் வயிற்றுவலியோடும் விழித்தெழலாம். மூச்சுத்திணறலும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் வரலாம். போதாக்குறைக்கு, அன்றைய உடற்பயிற்சி, அருந்திய மது, உணவிலிருந்த கொழுப்பின் அளவு போன்றவையும் விளைவை மாற்றுகின்றன. சென்ற வாரம் ஒன்றும் செய்யாத அதே இனிப்பு இந்த வாரம் செய்யலாம். புதிதாக உண்ணி கடித்தால் ஒவ்வாமை கூடக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆகவே “முன்பு தின்றிருக்கிறேன்” என்பது சான்று ஆகாது.

அமெரிக்கப் பாக்கெட் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

2004ஆம் ஆண்டு இயற்றப்பட்ட அமெரிக்க ஒவ்வாமைச் சட்டம் எட்டு உணவுகளைப் பெயர்சொல்லி அறிவிக்க வேண்டும் என்றது. 2023 ஜனவரி 1 முதல் எள் ஒன்பதாவதாகச் சேர்ந்தது. இந்த ஒன்பதில் பால் இருக்கிறது. மாடும் பன்றியும் இல்லை. இதன் விளைவைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பால் சேர்க்கப்பட்டிருந்தால், அது வாசனைப் பொருளின் உள்ளே ஒளிந்திருந்தாலும், “பால்” என்ற சொல் பாக்கெட்டில் எங்காவது இருந்தே ஆக வேண்டும். ஜெலட்டின் சேர்க்கப்பட்டிருந்தால் “ஜெலட்டின்” என்ற பெயர் உட்பொருள் பட்டியலில் இருக்கும், ஆனால் எந்த விலங்கினுடையது என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. கிளிசரின், ஸ்டியரேட், டைகிளிசரைடு ஆகியவை தாவரத்திலிருந்து வந்தனவா, விலங்குக்கொழுப்பிலிருந்து வந்தனவா என்று சொல்லவும் கட்டாயம் இல்லை. “இயற்கை மணச்சுவை” என்ற பெயருக்குள் இறைச்சி சார்ந்த பொருளும் சட்டப்படி அடங்கும். இனிப்புகளில் அது அரிது என்றாலும், அந்தச் சொல் எதையும் உறுதி செய்யவில்லை.

எனவே பட்டியலின் அடியில் தடித்த எழுத்தில் வரும் “அடங்கியவை” என்ற வரியை மட்டும் பார்த்துவிட்டுப் பாக்கெட்டைக் கூடையில் போடுவது போதாது. அந்த வரி உங்கள் ஒவ்வாமைக்காக எழுதப்பட்டதன்று. முழுப் பட்டியலையும் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை படிக்க வேண்டும். உட்பொருள்கள் எடை வரிசையில் வரும். அதன் பிறகு “2 விழுக்காடு அல்லது அதற்குக் குறைவாக” என்று ஒரு தொடர் தொடங்கும். மினுக்கும் பூச்சு, குழைப்பான், ஒட்டாமல் தடுக்கும் பொருள் ஆகியவை அங்கேதான் கூடி நிற்கும். மிட்டாயில் சிறிதளவு ஜெலட்டினும் பல நேரங்களில் அங்கேதான் இருக்கும். கண் களைத்துப்போகும் இடமும் அதுதான். அடைப்புக்குறிக்குள் வரும் துணைப்பட்டியலையும் விடக்கூடாது: “சாக்லேட் பூச்சு” என்று எழுதி, அதன் அடைப்புக்குறிக்குள் மோர்த்தெளிவுப் (whey) பொடியும் பால்கொழுப்பும் வரிசையாக இருக்கும்.

ஜெலட்டின்

இனிப்புகளில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். பன்றித்தோல், மாட்டுத்தோல், மாட்டெலும்பு ஆகியவற்றை நீரில் வேகவைத்துப் பிரித்தெடுக்கும் புரதம் ஜெலட்டின். மார்ஷ்மெல்லோ, பெரும்பாலான கம்மிக் கரடிகள், மார்ஷ்மெல்லோ சேர்த்த தானியக் கட்டிகள், ஹாலோவீன் பண்டிகைக் காலத்துக் கேண்டி கார்ன் மிட்டாய் ஆகியவற்றில் இது வழக்கமாக இருக்கும். எதிர்பாராத இடங்களிலும் இருக்கும். ஸ்டார்பர்ஸ்ட் என்ற சதுர மிட்டாயின் அமெரிக்க வடிவத்தில் ஜெலட்டின் உண்டு, பிரிட்டனில் விற்கும் வடிவத்தில் இல்லை. ஆல்டாய்ட்ஸ் என்ற தகரப்பெட்டிப் புதினா மிட்டாயிலும் ஜெலட்டின் சேர்த்திருக்கிறார்கள். ஸ்கிட்டில்ஸ் ஒரு காலத்தில் ஜெலட்டினோடு வந்தது, பின்னர் அதை நீக்கிவிட்டார்கள். ஒரே பெயர் நாட்டுக்கு நாடு, ஆண்டுக்கு ஆண்டு வேறு பொருளாக இருக்கிறது என்பதற்கு இவையே போதுமான சான்று. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த பாக்கெட்டைப் பார்த்து, உள்ளூர்க் கடையில் இருப்பதும் அதேதான் என்று முடிவு செய்யக்கூடாது.

வேகவைத்தாலும் ஆல்ஃபா-கேல் அழிந்துவிடுவதில்லை என்பதால், “நன்கு பதப்படுத்திய ஜெலட்டின்” என்ற ஆறுதல் இங்கே செல்லாது. மீன் ஜெலட்டின் என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் அது பாலூட்டியிலிருந்து வந்ததன்று. புரத மிட்டாய்களிலும் அழகுப் பராமரிப்புக் கம்மிகளிலும் வரும் கொலாஜன் ஜெலட்டினின் உறவுப் பொருள்தான். அது மீனுடையது என்று எழுதப்படாதவரை மாட்டுடையது என்றே கொள்ளுங்கள். இழுபடும் மிட்டாய் வேண்டும் என்றால் பழங்களிலிருந்து எடுக்கும் பெக்டின், மாவுச்சத்து, அகர்-அகர் என்ற கடற்பாசி ஆகியவற்றால் உறையவைத்தவற்றைத் தேடலாம். ஜெல்லி பீன் வகைகள் பலவும், ஸ்வீடிஷ் ஃபிஷ், சவர் பேட்ச் கிட்ஸ் போன்றவையும் ஜெலட்டின் இல்லாமல் செய்யப்பட்டு வந்திருக்கின்றன. எனினும் கையிலிருக்கும் பாக்கெட்டின் பட்டியலே இறுதிச் சான்று.

பால்

பால் ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் இந்தப் பகுதி உங்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. ஆகாதவர்களுக்கு இதுவே மிகவும் கடினமான பகுதி, ஏனெனில் மிட்டாய்த் தொழிலில் பால் எங்கும் இருக்கிறது. வெண்ணெய், கிரீம், சுண்டிய பால், கொழுப்பு நீக்கிய பால்பொடி, மோர்த்தெளிவு, கேசின், கேசினேட், லாக்டோஸ் ஆகிய எல்லாம் பாலே. “பால் சார்ந்ததன்று” என்று முகப்பில் எழுதிய கிரீம் பொடிகளில்கூட கேசினேட் இருப்பதுண்டு. பின்பக்கத்தில் “பால்” என்ற அறிவிப்பு இருக்கும். “லாக்டோஸ் நீக்கியது” என்ற சொற்றொடர் வேறொரு நோய்க்கானது: லாக்டோஸைச் செரிக்க முடியாதவர்களுக்காகச் செய்யப்பட்ட அந்த இனிப்பில் பாலின் மற்றெல்லாக் கூறுகளும் அப்படியே இருக்கின்றன.

நெய்யைப் பற்றி ஒரு வார்த்தை. நெய்யில் புரதம் மிகக் குறைவு, ஆகவே பால் ஒவ்வாமைக்கு அது கெடுதல் செய்யாது என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. ஆல்ஃபா-கேல் புரதமே அன்று. அது ஒரு சர்க்கரை, புரதத்தோடும் ஒட்டியிருக்கும், கொழுப்போடும் ஒட்டியிருக்கும். எனவே பால் ஆகாதவர்கள், மருத்துவர் தனியாக அனுமதிக்காதவரை, நெய் மைசூர்பாகையும் நெய் அல்வாவையும் பால்கோவாவைப் போலவே விலக்க வேண்டும்.

கறுப்புச் சாக்லேட்டில் சிறப்பான கவனம் தேவை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 94 கறுப்புச் சாக்லேட் கட்டிகளைச் சோதித்து 2015ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டது. பாலை உட்பொருளாக அறிவித்தவை அவற்றில் ஆறு மட்டுமே. அறிவிக்காத 88 கட்டிகளில் 51இல் பால் இருந்தது. பால் சாக்லேட் ஓடிய அதே இயந்திரத்தில் கறுப்புச் சாக்லேட்டும் ஓடுவதும், அந்த இயந்திரத்தை முழுவதுமாகத் துடைத்தெடுப்பது எளிதாக இல்லாததும் இதற்குக் காரணம். “பால் இருக்கக்கூடும்”, “பால் கையாளும் இயந்திரத்தில் செய்யப்பட்டது” என்ற எச்சரிக்கைகள் அமெரிக்காவில் நிறுவனங்கள் தாமாக முன்வந்து எழுதுபவை; சட்டம் அவற்றைக் கேட்பதில்லை. ஆகவே எச்சரிக்கை இருந்தால் அதை மதியுங்கள். எச்சரிக்கை இல்லாததை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாலுக்குக் கடுமையாக எதிர்வினை காட்டுபவர்கள், பாலையே உள்ளே விடாத தொழிற்சாலையில் செய்த சாக்லேட்டை மட்டும் வாங்குவது நல்லது.

இரு பிறப்புடைய பொருள்கள்

மக்னீசியம் ஸ்டியரேட், கால்சியம் ஸ்டியரேட், ஸ்டியரிக் அமிலம், கிளிசரின், மோனோ மற்றும் டைகிளிசரைடுகள், சோடியம் ஸ்டியராயில் லாக்டிலேட் ஆகியவை மாட்டுக்கொழுப்பிலிருந்தும் வரலாம், பனை அல்லது சோயா எண்ணெயிலிருந்தும் வரலாம். அழுத்திச் செய்த மாத்திரை வடிவ மிட்டாய்கள், புதினா வில்லைகள், மெல்லும் மிட்டாய்கள் ஆகியவற்றில் இவற்றைக் காணலாம். பெயருக்கு முன்னால் “தாவர” என்ற சொல் இருந்தால் கேள்வி தீர்ந்தது; இல்லாவிட்டால் நிறுவனத்தைக் கேட்பதைத் தவிர வழியில்லை. இன்று பெரும்பாலும் தாவர எண்ணெயே பயன்படுகிறது என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கடுமையான எதிர்வினை உள்ள ஒருவருக்குப் “பெரும்பாலும்” என்ற சொல்லால் பயனில்லை.

சூயிங்கத்தில் “கம் அடிப்பொருள்” என்ற ஒற்றைப் பெயருக்குள் பல பொருள்கள் அடங்குகின்றன. ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலினும் அதில் அனுமதிக்கப்பட்ட ஒன்று. வைட்டமின் சேர்த்த கம்மிகளில் வரும் டி3 வைட்டமினும் வழக்கமாக லானோலினிலிருந்தே செய்யப்படுகிறது. மிகச் சிறிய அளவுக்கும் எதிர்வினை காட்டுபவர்கள் மட்டும் இவற்றைப் பற்றி யோசித்தால் போதும். அமெரிக்காவில் கரும்புச் சர்க்கரையை வெளுக்கச் சில ஆலைகள் மாட்டெலும்புக் கரியைப் பயன்படுத்துவதும் இதே வகை: எலும்பு சர்க்கரையில் தங்குவதில்லை, நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. விலக்கியே தீர வேண்டும் என்பவர்கள் பீட்ரூட் வகைச் சர்க்கரையையோ இயற்கை வேளாண்மைச் சான்று பெற்ற சர்க்கரையையோ நாடலாம்.

கராஜீனன் தனி வகை. அது சிவப்புக் கடற்பாசியிலிருந்து வருவது, பாலூட்டியோடு தொடர்பில்லாதது, பால்கூடச் சேர்க்காத நனிசைவ (vegan) இனிப்புகளிலும் தாராளமாகச் சேர்க்கப்படுவது. ஆனால் அதன் சர்க்கரைச் சங்கிலியில் ஆல்ஃபா-கேலை ஒத்த பிணைப்பு இருப்பதால், சிலர் அதற்கும் எதிர்வினை காட்டுகிறார்கள். விலங்குப் பொருள்கள் அனைத்தையும் நீக்கிய பிறகும் தொல்லை நீடிக்கிறது என்றால், உட்பொருள் பட்டியல்களில் கராஜீனன் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அஞ்ச வேண்டாத பெயர்களும் உண்டு. கோகோ வெண்ணெய் தாவரக்கொழுப்பு. லாக்டிக் அமிலம் பெயரளவில் பாலை நினைவூட்டினாலும், வழக்கமாகச் சோளம் போன்றவற்றின் சர்க்கரையை நொதிக்க வைத்துச் செய்யப்படுவது. கிரீம் ஆஃப் டார்டார் திராட்சையிலிருந்து வருவது. மிட்டாய்ப் பளபளப்புக்குப் பூசும் அரக்கு, தேன்மெழுகு, சிவப்பு நிறத்துக்கான கார்மைன் ஆகிய மூன்றும் பூச்சிகள் வழியாகக் கிடைப்பவை. இவற்றைக் கண்டு நல்ல மிட்டாயை விலக்க வேண்டியதில்லை.

முத்திரைகள்

ஹலால் முத்திரை நமக்கு உதவாது. ஹலால் கம்மியில் மாட்டு ஜெலட்டின் இருப்பது இயல்பு. யூதர்களின் கோஷர் முத்திரையோடு “டி” என்ற எழுத்து இருந்தால் பால் உண்டு, அல்லது பால் பயன்படுத்தும் இயந்திரத்தில் செய்தது என்று பொருள். அது பயனுள்ள தகவல். ஆனால் “பரேவ்” என்ற சொல்லை நம்பி ஜெலட்டினைத் தாண்டிச் செல்லாதீர்கள்: பாலும் இறைச்சியும் அற்றது என்ற அந்த வகைக்குள் மீன் ஜெலட்டினும் வரும், உரிய முறையில் அறுக்கப்பட்ட மாட்டின் தோலிலிருந்து எடுத்த ஜெலட்டினும் வரலாம். நனிசைவம் என்ற சொல்லுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வரையறை எதுவும் வகுக்கவில்லை. தனிச் சான்றமைப்பின் முத்திரை இருந்தால் கூடுதல் நம்பிக்கை கொள்ளலாம். அப்போதும் உற்பத்தி இயந்திரத்தில் ஒட்டிய பாலைப் பற்றி அது உறுதி தருவதில்லை.

இந்திய மளிகைக் கடையில் வாங்குபவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி இருக்கிறது. இந்தியப் பாக்கெட்டில் உள்ள பச்சைப் புள்ளி, பாலையும் பால்பொருளையும் தவிர்த்து, விலங்கின் எந்தப் பகுதியும் சேரவில்லை என்பதைக் குறிக்கிறது. அமெரிக்கப் பாக்கெட் பதில் சொல்லாத கேள்விக்கு அது பதில் சொல்கிறது: ஜெலட்டின் இல்லை, அதிலுள்ள டைகிளிசரைடும் ஸ்டியரேட்டும் விலங்குக்கொழுப்பிலிருந்து வரவில்லை. பாலைப் பற்றி மட்டும் அது எதையும் சொல்லாது. அதற்கு ஒவ்வாமை அறிவிப்பைப் படிக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் பல ஐயங்கள் கடையிலேயே தீர்ந்துவிடும். சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். பழைய பாக்கெட்டுகளில் அது பழுப்புப் புள்ளியாக இருந்தது.

இந்தியப் பட்டியலில் பெயருக்குப் பதில் எண்களே பல இடங்களில் வரும். 422 கிளிசரின், 471 மோனோ மற்றும் டைகிளிசரைடுகள், 481 ஸ்டியராயில் லாக்டிலேட், 572 மக்னீசியம் ஸ்டியரேட், 407 கராஜீனன், 966 லாக்டோஸிலிருந்து செய்யும் லாக்டிடால். 406 அகர், 440 பெக்டின், 270 லாக்டிக் அமிலம், 901 தேன்மெழுகு, 904 அரக்கு ஆகியவை கவலை தராதவை. கோவில்பட்டிக் கடலை மிட்டாய், எள்ளுருண்டை, கமர்கட்டு, தேன்மிட்டாய் போன்றவை அடிப்படையில் வெல்லம் அல்லது சர்க்கரையும் தானியமும் பருப்பும் தேங்காயும் எண்ணெயுமே. பட்டியலில் நெய் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். நம் பழைய மிட்டாய்கள் இந்த நோயாளிக்கு இவ்வளவு துணையாக இருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அட்டைப்பெட்டியில் எடைபோட்டுத் தரும் கடை இனிப்புகளுக்கு இந்த நம்பிக்கையை நீட்டிக்க வேண்டாம்: ஜாங்கிரியை எண்ணெயில் பொரித்தார்களா, நெய்யிலா, அதே கரண்டியைப் பால்கோவாவுக்கும் போட்டார்களா என்பது பெட்டியில் எழுதியிருக்காது.

நிறுவனத்தைக் கேட்பது

வாடிக்கையாளர் சேவையில் இருப்பவருக்கு ஆல்ஃபா-கேல் என்ற பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. “இது சைவமா” என்று கேட்டால் பாலை மறந்துவிட்டு “ஆம்” என்பார். “இறைச்சி இருக்கிறதா” என்று கேட்டால் ஜெலட்டினை மறந்துவிட்டு “இல்லை” என்பார். பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: இந்த மிட்டாயில் உள்ள கிளிசரினும் ஸ்டியரேட்டும் மாடு, பன்றி, ஆடு ஆகியவற்றிலிருந்து வந்தனவா, தாவரத்திலிருந்து வந்தனவா, இயற்கை மணச்சுவையில் இந்த விலங்குகளிலிருந்து வந்தது எதுவும் உண்டா, அதே இயந்திரத்தில் ஜெலட்டினோ பாலோ ஓடுகிறதா. பாக்கெட்டில் அச்சிட்ட தொகுதி எண்ணையும் குறிப்பிடுங்கள். தொலைபேசியில் கேட்பதைவிட மின்னஞ்சலில் கேட்டால் பதிலைத் தேதியோடு சேமித்து வைக்கலாம். “எங்கள் மூலப்பொருள் வழங்குநர்கள் மாறலாம்” என்று மட்டும் பதில் வந்தால், அந்த மிட்டாய் உங்களுக்கு ஆகாது என்று எடுத்துக்கொண்டு வேறு மிட்டாயைப் பாருங்கள்.

ஹாலோவீனுக்கு விற்கும் சிறு பாக்கெட்டுகளின் உட்பொருள், அதே மிட்டாயின் பெரிய பாக்கெட்டிலிருந்து வேறுபடலாம். அவற்றில் பல தனித்தனியாக விற்பதற்கானவை அல்ல என்பதால் பட்டியல் வெளிப்பையில் மட்டுமே இருக்கும். குழந்தை வீடுவீடாகச் சென்று வாங்கி வந்த குவியலில் பட்டியல் இல்லாத எதையும், எவ்வளவு பழகிய மிட்டாயாக இருந்தாலும், எடுத்துவிடுங்கள். ஈடாகக் கொடுக்க முன்பே சோதித்த மிட்டாயை வீட்டில் வைத்திருந்தால் குழந்தைக்கு ஏமாற்றம் இராது.

புதிய இனிப்பை முதன்முதலாக உண்ணும் நாளில், இரவு தனியாக இருக்கப் போகும் வேளையில் அதைத் தொடங்காதீர்கள். கடும் ஒவ்வாமையை அடக்கும் எபிநெஃப்ரின் ஊசி பரிந்துரைக்கப்பட்டவர்கள் அதைப் படுக்கைக்கருகில் வைத்திருக்க வேண்டும். உண்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு, மேலுறையை மறுநாள் காலை வரை குப்பையில் போடாமல் வையுங்கள். மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தால் ஊசியைப் போட்டுவிட்டு அமெரிக்க அவசர உதவி எண்ணான 911ஐ அழையுங்கள். மருத்துவமனையில் மேலுறையையும் உண்ட நேரத்தையும் காட்டி, ஆல்ஃபா-கேல் ஒவ்வாமை இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். பன்றிக்குடலிலிருந்து எடுக்கும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தும் ஜெலட்டின் உறையிட்ட மாத்திரைகளும் அங்கே வழக்கமாகப் புழங்குபவை.